வெளியே நிற்பவர்களுக்கு இடம் கொடுத்த மலர்க்கொடி அக்கா

எங்கள் தொழிலில் சாவுச் செய்தி ஆர்டராகத்தான் வரும். போன செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு ஸ்டுடியோவின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன், கைபேசி அதிர்ந்தது. 'கண்ணீர் அஞ்சலி. ஃபிளெக்ஸ் ஒன்று, போஸ்டர் ஐம்பது. பெயர் மலர்க்கொடி, வயது 54, பட்டினச்சேரி. மாலை நான்கு மணிக்கு எடுக்கிறோம். போட்டோ பிறகு தருகிறோம்.' வழக்கம்போல் 'ஓகே' என்று பதில் போட்டேன். ஷட்டரை முழுசாகத் தூக்கினேன். சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றினேன். இரண்டாவது ஊதுவத்தியைப் பற்றவைக்கும்போதுதான் பெயரும் ஊரும் சேர்ந்து மண்டையில் ஏறின.

பட்டினச்சேரியில் அந்த வயதில் எனக்குத் தெரிந்த மலர்க்கொடி ஒருவர்தான். பதினான்கு வருஷம் என் ஸ்டுடியோவில், எனக்குப் பின்னாலிருந்த கணினியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். கடைசி இரண்டு வருஷம் நான் முகம் கொடுத்துப் பேசாதவர். ஊதுவத்தி கையைச் சுட்ட பிறகுதான் அதைக் கீழே வைத்தேன்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைக்கு வந்து "அந்த அக்கா இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் நிறையப் பேர். அவர் ஏன் நின்றுவிட்டார் என்று கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்தேன். அது பொய். நடந்ததை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

முதல் தடவை அவர் வந்தது கணவரின் படத்தைப் பெரிதாக்குவதற்கு. கணவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, தெவசத்துக்குச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். கையில் இருந்தது வாக்காளர் அட்டையில் உள்ள தம்மாத்துண்டுப் படம் மட்டும். பட்டினச்சேரி மீனவர் ஊர். பேரைக் கேட்டதும் நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "கடல்லயாக்கா?" என்று கேட்டேன்.

"மஞ்சக்காமாலை தம்பி. கடல் ஒண்ணும் பண்ணல. எங்க ஊருன்னாலே எல்லாரும் கடல் மேலயே பழியப் போடுறீங்க" என்றார்.

அப்போது எல்லா ஸ்டுடியோக்காரர்களுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. சின்னப் படத்தில் முகம் மட்டும்தான் தேறும். கழுத்துக்குக் கீழே, கணினியில் தயாராக வைத்திருக்கும் கோட்டு, டையைப் பொருத்திவிடுவோம். வலை இழுத்தவருக்கும் கோட்டு, நாற்று நட்டவருக்கும் கோட்டு. காரைக்காலில் காலமான ஆண்களில் பாதிப் பேர் என்னுடைய ஒரே கோட்டைத்தான் போட்டுக்கொண்டு சுவரில் இருக்கிறார்கள். அதே கோட்டு மாட்டிய கணவரின் படத்தை அக்கா கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "யாரு தம்பி இந்த ஆபீசரு?" என்று கேட்டார்.

மறுநாள் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே கணவரின் சட்டை. ஊதாக் கட்டம் போட்டது, காலர் நைந்தது, துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தார். "இதப் போட்டோ எடுத்து அவருக்கு மாட்டி வுடுங்க" என்றார். நாற்காலி முதுகில் சட்டையை மாட்டிப் படமெடுத்து, முகத்தைப் பொருத்தினேன். என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "மேல் பட்டன் போட மாட்டாரு, அதத் தொறந்து வுடுங்க" என்றார். திறந்தேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இந்த வேலைய நான் கத்துக்கிடலாமா?" என்று கேட்டார். டைப்ரைட்டிங் படித்திருந்தார். அடுத்த திங்கட்கிழமையே வந்து உட்கார்ந்துவிட்டார்.

காற்றில் பறக்கும் முடியை அதன் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பதுதான் எங்கள் வேலையில் சிரமமானது. நான் பத்து வருஷத்தில் கற்றதை அக்கா ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டு, ஏழாவது மாதம் என் வேலையில் குறை சொல்ல ஆரம்பித்தார். "மண்டைக்குத் தொப்பி வச்ச மாதிரி வெட்டியிருக்கீங்க தம்பி" என்பார். சம்பளம் கொடுப்பவன் நான் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

கடை வேலை போக அவருக்குச் சொந்தமாக ஒரு வேலை இருந்தது. தினமும் காலையில் பஸ்ஸில் வரும்போது கைபேசியில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுப்பார். பால் கேனோடு சைக்கிளில் போகிறவர், குடையை விரிக்க முடியாமல் திண்டாடும் டீச்சர், காரைக்கால்மேட்டு மீன் ஏலத்தில் ஒரே சமயத்தில் வாயைத் திறந்திருக்கும் நாலு பெண்கள். மதியம் நான் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில், அந்தப் படங்களிலிருந்து ஆட்களை வெட்டியெடுத்து ஒரே படமாகச் சேர்ப்பார். நாங்கள் அதைக் கொலாஜ் என்போம். அவர் 'சேத்து வச்ச படம்' என்பார். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சு உண்டு. அதில் நாற்பது நாளில் வந்து உட்கார்ந்த அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் அதே பெஞ்சிலும் அதைச் சுற்றியும் உட்கார வைத்திருந்தார். ஒருவர் முகத்தை இன்னொருவர் மறைக்கவில்லை. "என்னக்கா, கட்சிக் கூட்டத்துக்கு ஆள் சேக்குறீங்களா?" என்று கிண்டல் செய்தேன். "கட்சிக் கூட்டத்துல இவ்வளவு மரியாதையா உக்கார வைப்பாங்களா?" என்று கேட்டார்.

அந்தப் படங்களுக்கு அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. நிழல் சரியாக விழ வேண்டும். காலையில் எடுத்த ஆளைக் காலைப் படத்தில்தான் சேர்ப்பார். நான் ஒருமுறை அவசரத்துக்கு யாரையோ மாற்றி வைத்தபோது, என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கிக்கொண்டார். "காலை வெயில்ல நின்னவர சாயங்கால வெயில்ல கொண்டாந்து நிக்க வைக்கக்கூடாது தம்பி. எங்க நிக்கிறோம்னு அவருக்கே தெரியாமப் போயிடும்." படத்தில் இருப்பவருக்கு எப்படியக்கா தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், வருகிறவர்களில் பலர் ஆளைச் சேர்க்க வருவதில்லை, எடுக்க வருகிறார்கள். பெண்ணை வைத்து வாழாமல் போன மாப்பிள்ளையைக் குடும்பப் படத்திலிருந்து எடுக்க வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு போன மச்சானை எடுக்க வேண்டும். அக்கா காரணம் கேட்க மாட்டார். சுத்தமாக எடுத்துக் கொடுப்பார். ஆனால் எடுத்தவர்களைத் தூக்கி எறிய மாட்டார். அவருடைய கணினியில் 'வெளியே நிற்பவர்கள்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. குடும்பங்கள் தள்ளிவிட்டவர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். சமயம் பார்த்து அவர்களைத் தன்னுடைய படங்களில் எங்காவது கொண்டுபோய் நிறுத்துவார். பஸ் ஸ்டாண்டுப் பெஞ்சில், டீக்கடையில், கடற்கரையில் சுண்டல் விற்பவர் பக்கத்தில்.

ஒருநாள் அப்படி எடுக்கப்பட்ட மாப்பிள்ளை ஒருவரே பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்துவிட்டார். சுவரில் மாட்டியிருந்த டீக்கடைப் படத்தின் முன்னால் அப்படியே நின்றார். சண்டை போடப்போகிறார் என்று நான் எழுந்தேன். அவரோ அக்காவைப் பார்த்து, "எனக்கு டீயெல்லாம் குடுத்துருக்கீங்க" என்றார். "சக்கரை கம்மிதான்" என்றார் அக்கா. அந்த ஆள் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே சிவந்த கண்ணோடு பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தார்.

இனி என் வீட்டுக் கதை. என் தம்பி சரவணன் பிரான்சில் இருக்கிறான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்து, அங்கேயே போய்விட்டான். எங்கள் அப்பா ஒரு விடிகாலையில் தவறினார். தொழில் புத்தி பாருங்கள், டாக்டர் கையை விரித்த அரைமணி நேரத்தில் நானே உட்கார்ந்து அப்பாவுக்கு அஞ்சலி போஸ்டர் தயார் செய்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். சரவணனுக்குச் சித்தப்பா சொல்லிவிடுவார் என்று எண்ணம். பாடையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அவனிடமிருந்து ஏழு முறை அழைப்பு வந்தது. வர முடியாததற்குச் சாக்குச் சொல்லப்போகிறான் என்று நினைத்து நான் எடுக்கவில்லை. அவன் அன்றைக்கும் வரவில்லை, பதினாறாம் நாளுக்கும் வரவில்லை. பெற்ற அப்பனுக்கு வராதவன் என்று நான் ஊர் முழுக்கச் சொன்னேன். அதன் பிறகு நாங்கள் பேசவில்லை.

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்று இருந்தது. அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருக்க, நானும் என் மனைவியும் சரவணனும் பின்னால் நிற்கிறோம். அதைப் பெரிதாக்கி வீட்டில் மாட்டப்போகும்போது, சரவணனை எடுத்துவிடும்படி அக்காவிடம் சொன்னேன். மற்றவர்களிடம் காரணம் கேட்காதவர் என்னிடம் கேட்டார். "அவரு உங்க தம்பி இல்லையா?" "எடுங்கக்கா" என்றேன். சாயங்காலம் பார்த்தால் சரவணன் இல்லை, ஆனால் அம்மாவின் தோளில் நான்கு விரல்கள் மட்டும் அப்படியே இருந்தன.

"விரல் தெரியுதுக்கா."

"அம்மா அந்த விரலப் புடிச்சுகிட்டு இருக்காங்க தம்பி. பாருங்க. நான் எங்கேந்து வெட்டுறது?"

பெரிதாக்கிப் பார்த்தேன். தன் தோளில் கிடந்த மகனின் சுண்டு விரலை அம்மா ஒரு கையால் பற்றியிருந்தார்கள். இத்தனை வருஷம் அந்தப் படத்தைப் பார்த்த எனக்கு அது தெரிந்ததே இல்லை. "பொடவைப் பூவ எடுத்து மூடுங்க" என்றேன். மூடினார். அம்மாவின் கை இப்போது வெறும் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் மாட்டிய அன்று அம்மா படத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், உள்ளே போய்விட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் ஊர்வலத்தின்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீச, கீழே கூட்டம் கைகளைத் தூக்கிக்கொண்டு பிடிக்கும் காட்சி நம் எல்லோருக்கும் பழக்கம். பல வருஷத் திருவிழாக்களில் எடுத்து வைத்திருந்த கைகளையும் முகங்களையும் சேர்த்து அக்கா ஒரு பெரிய படம் செய்தார். அவர் செய்ததிலேயே பெரியது அதுதான். திருவிழா முடிந்த மறுவாரம் கடையின் முன் கண்ணாடியில் நானேதான் மாட்டினேன். முந்நூறு முகம் இருக்கும். நான் ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை.

கோயிலுக்குப் போய்விட்டு வந்த அம்மா பார்த்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில், சந்தனக் கலர் சட்டையில், சரவணன். அம்மாவின் தோளிலிருந்த அதே கையை மேலே தூக்கியிருக்கிறான். ஒரு மாம்பழம் அவன் விரலுக்கு ஒரு சாண் மேலே வந்துகொண்டிருக்கிறது. உச்சி வெயில் என்பதால் காலடியில் குட்டியாக நிழல்கூட விழுந்திருந்தது. அம்மா கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தெருவிலேயே சத்தம் போட்டு அழுதார்கள். "தம்பி வந்துருக்கான்டா! திருழாவுக்கு வந்தவன் என்னைப் பாக்காமப் போயிட்டானேடா!"

அது உண்மையில்லை, கணினி வேலை என்று சொன்னால் அம்மாவுக்கு விளங்கவில்லை. போட்டோவில் இருப்பவன் அங்கே எப்படி நிற்காமல் இருப்பான் என்று கேட்டார்கள். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் நான் கடைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"எங்கம்மாவ அழ வச்சிட்டீங்களேக்கா! யாரு உங்கள இதச் செய்யச் சொன்னா?"

"அவங்க அப்படி நெனைப்பாங்கன்னு எனக்குத் தோணல தம்பி. அது தப்புதான்" என்றார். "ஆனா நீங்க எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன். எடுத்தவர எங்கயாவது நிக்க வைக்கணும்ல?" என்றார்.

"குப்பையில போடுங்க!"

"மனுசன அதுல போட எனக்குக் கை வரல."

"அப்ப நாளையிலேந்து வர வேணாம்."

"சரி தம்பி" என்றார். சாப்பாட்டு டப்பாவையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டார். நாற்காலியில் போட்டு உட்காரும் சின்னத் தலையணையை மறந்துவிட்டுப் போனார். அதைக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒரே ஒரு தடவை எதிரில் பார்த்தேன். கைபேசியை உயர்த்தி எதையோ எடுத்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் அதைத் தாழ்த்திவிட்டுச் சிரித்தார். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வழியில் போனேன். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லாமல் போனதை இனி எங்கே போய்ச் சரிசெய்வது?

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஒன்பது மணிக்கு அக்காவின் அண்ணன் மகள் நித்யா வந்தாள். விடியற்காலையில் நெஞ்சு வலி என்றாராம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, அத்தை போட்டோ ஒண்ணுகூட கெடைக்கல. ஆதார்ல இருக்கறது அவங்க மாதிரியே இல்ல. ஊர்ல எல்லாரையும் எடுத்தாங்க, அவங்கள யாரும் எடுக்கல."

"உன் கல்யாண ஆல்பம் இங்கதானேம்மா போட்டோம். அதுல இருப்பாங்களே."

"அதுலயும் இல்லண்ணே. மேடைக்கு வந்தாங்க. எங் கையப் புடிச்சுகிட்டு நின்னாங்க, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆல்பத்துல இல்ல."

இரண்டு வருஷமாக நான் தொடாத அக்காவின் கணினியைத் திறந்தேன். 'வெளியே நிற்பவர்கள்' அப்படியே இருந்தது. இருநூற்றுச் சொச்சம் பேர். ஒவ்வொருவருக்கும் அக்கா தன் பாணியில் பெயர் வைத்திருந்தார். 'நீலச் சட்டை மாப்பிள்ளை', 'கோபக்கார மச்சான்', 'சந்தனச் சட்டைத் தம்பி'. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். கடைசிக்கு முன்னதாக ஒன்றுக்கு 'அத்தை' என்று பெயர்.

திறந்தால் அக்கா. கடுகு நிறப் பட்டுப் புடவை, வாய்விட்டுச் சிரிப்பு. வலது கை மணிக்கட்டோடு நிற்கிறது.

ஆல்பத்தின் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மணப்பெண்ணாக நித்யா நிற்கிறாள். இடது கையைவிட வலது கையில் மூன்று வளையல் அதிகம். தன் விரல்கள் இருந்த இடத்தை அக்கா வளையல் போட்டு மூடியிருந்தார். தாலியிழந்தவர் மணமேடைப் படத்தில் நின்றால் மாப்பிள்ளை வீட்டில் முகம் சுளிப்பார்கள் என்பது நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நித்யா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருண்ணே வெட்டச் சொன்னா? எங்க மாமியாரா? அப்பாவா?" என்று கேட்டாள். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் வாய் திறக்கும்வரை அக்கா காத்திருந்திருக்க மாட்டார். அந்த ஆல்பத்தை அச்சுக்கு அனுப்பியவன் நான். பக்கம் பக்கமாகப் புரட்டிச் சரிபார்த்தவன். ஓர் ஆள் குறைகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் படத்தையே போஸ்டருக்கு வைத்தேன். கோட்டு போடவில்லை. பின்னணியில் மேகம், புறா எதுவும் போடவில்லை. பத்தரை மணிக்கு வேலை முடிந்தது. ஊர்க் குழுவைத் தேர்ந்தெடுத்து அனுப்பப்போகும் நேரத்தில், வாசலில் ஆட்டோ நின்றது. அம்மா இறங்கினார்கள். எழுபத்தாறு வயது, தனியாக ஆட்டோ ஏறி வருகிறவர்கள் இல்லை. பூக்காரப் பெண் சொல்லித் தெரிந்ததாம். நேராக உள்ளே வந்து, அக்காவின் நாற்காலியில், அந்தச் சின்னத் தலையணை மேல் உட்கார்ந்தார்கள்.

"இனிமே எனக்கு யாருடா அவனப் போட்டுக் குடுப்பா?" என்றார்கள்.

"யாரம்மா?"

"சரவணன. மலரு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மூணு மணிக்கு வருவாடா. அவ போன்லதான் பேசுவேன். ரெண்டு வருசமா."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான் கடையில் இருப்பேன். என் மனைவி வேலைக்குப் போயிருப்பாள். அவளுக்கும் இது தெரியும் என்பது பிறகு தெரிந்தது. வீட்டில் தெரியாதவன் நான் ஒருவன்தான். என் கோபத்துக்கு அவ்வளவு மரியாதை.

"நீ அவள வேலைய வுட்டு அனுப்புன மறுநா வந்தா. அவரு வரலம்மா, நான்தான் படத்துல நிக்க வச்சேன், மன்னிச்சுக்குங்கன்னு கால்ல வுழ வந்தா. சரி, இப்ப வரச் சொல்லுன்னேன். சித்தப்பாட்ட நம்பர் வாங்கி வீடியோ போன் போட்டா. அவன் மூஞ்சியப் பாத்ததும் எனக்கு ஒண்ணும் பேச வரல. மாங்கா கெடைச்சுதாடான்னு கேட்டேன். அவனுக்கு ஒண்ணும் புரியல. அழுவுறான்."

அம்மா திரையில் இருந்த போஸ்டரைப் பார்த்தார்கள்.

"இத அனுப்பிட்டியா?"

"இல்ல. இப்பத்தான் அனுப்பப்போறேன்."

"அப்பா போனத அவனுக்கு யாருடா சொன்னா?"

"சித்தப்பா."

"நீ சொல்லிருப்பேன்னு சித்தப்பா இருந்துட்டாரு. அவன் வேலை செய்யுற எடத்துல போனத் தொறந்தா, நீ போட்ட போஸ்டரு. அதுல கீழ மகன்கள்னு அவன் பேரு. அதப் பாத்துத்தான்டா அப்பா இல்லன்னு அவனுக்குத் தெரிஞ்சுது. ஊராருக்குத் தெரிஞ்ச மாதிரி. மலர்ட்டதான் சொல்லி அழுதான். அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்கன்னு அவ எத்தனையோ தடவ சொன்னா. நான்தான் பயந்துகிட்டு இருந்துட்டேன்." அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்கள். "இவ போனதையாவது அவன்ட்ட நீ வாயால சொல்லுடா."

மடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார்கள். அம்மா கண்ணுக்குத் தெரியும்படி அக்கா பெரிது பெரிதாக எழுதிய எண். அதைப் பார்த்துப் பார்த்து அழுத்தினேன். என் கைபேசியிலிருந்து அவன் எண்ணை நான் என்றோ அழித்திருந்தேன். அங்கே அப்போதுதான் பொழுது விடிந்திருக்கும்.

"ஹலோ?"

"நான்தான்டா. அண்ணன்."

"அம்மாவுக்கு என்னண்ணே?" என்றான். குரல் உடைந்திருந்தது.

"அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. நல்லா இருக்காங்க. மலர்க்கொடி அக்கா தவறிட்டாங்கடா. இன்னைக்கு விடியக்காலைல. போஸ்டர் இன்னும் அனுப்பல. மொதல்ல ஒனக்குச் சொல்லிட்டு அனுப்பலாம்னு..."

அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அவன் அழுகிறான் என்று தெரிந்தது. நானும்தான். நித்யா எழுந்து வந்து அம்மா பக்கத்தில் நின்றுகொண்டாள். பிறகு அவன் சொன்னான்.

"போஸ்டர்ல கீழ எம் பேரையும் போடுண்ணே."

நித்யாவைப் பார்த்தேன், தலையாட்டினாள். அவர்கள் குடும்பத்துப் பெயர்களுக்குக் கீழே என் பெயரையும் தம்பி பெயரையும் சேர்த்து அடித்து, பிறகுதான் அனுப்பினேன். மாலையில் பட்டினச்சேரிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஃபிளெக்ஸில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்த அக்காவைத் தெருவே நின்று பார்த்தது. சாவு வீட்டில் இப்படியொரு படமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். யார் காதிலும் அது ஏறவில்லை. அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்கிற நிலையில் அவர் இல்லை.

அவருடையதில் என்னிடம் இருப்பவை இவை. அந்த ஃபோல்டர் இருக்கிறது. அதிலிருந்து ஆட்களை எடுத்து, கேட்டு வருகிறவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பேன். நித்யாவின் ஆல்பத்தில் அந்தப் பக்கத்தை மறுபடி அச்சிட்டுக் கொடுத்துவிட்டேன், வளையல் எண்ணிக்கை சரியாக இருக்கிறது. எங்கள் வீட்டுப் படத்தில் சரவணனை நானே திரும்ப வைத்தேன். அக்கா அளவுக்கு எனக்குக் கை படியாது, தோளோரம் வெட்டிய கோடு தெரிகிறது. அம்மாவுக்கு அது கண்ணில் படவில்லை. விரலைத்தான் பார்த்தார்கள். அந்தச் சின்னத் தலையணையும் என்னிடம்தான் இருக்கிறது, இனி கொடுத்தனுப்ப இடமில்லை.

ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணிக்குக் கடை அரைமணி நேரம் பூட்டியிருக்கும். வீட்டுக்குப் போய், தம்பிக்குப் போன் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். கொஞ்சம் வெளியே நில்லுங்கள்.